பத்தாக் திருச்சபை யாருடையது? டச்சுக்காரன் விட்டுப்போன மிச்சமா, ஏரிக்கரை மக்களின் சொத்தா?

மெடான்வாசி:

போன வாரம் இந்தோனேசியத் தேர்தல் பற்றிய இழையில் ஒருவர், "அங்கே இருக்கிற கிறிஸ்தவம் டச்சுக்காரன் விட்டுப்போன மிச்சம்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போனார். அந்த வரி உறுத்திக்கொண்டே இருப்பதால் தனி இழை தொடங்குகிறேன்.

நான் வட சுமாத்திராவில் மெடானில் ஏழு வருடம் பாமாயில் ஆலையில் வேலை பார்த்தவன். என்னோடு வேலை பார்த்தவர்களில் பாதிப்பேர் தோபா ஏரிப் பக்கத்துப் பத்தாக் மக்கள். அவர்களுடைய சபைக்குப் பெயர் ஹூரியா கிறிஸ்தென் பத்தாக் புரொதெஸ்தான், சுருக்கமாக எச்.கே.பி.பி. தென்கிழக்கு ஆசியாவிலேயே மிகப் பெரிய புரொட்டஸ்டண்ட் திருச்சபை இதுதான். நாடோ உலகிலேயே அதிக முஸ்லிம்கள் வாழும் நாடு. 2010 கணக்கெடுப்பில் முஸ்லிம்கள் 87 சதவீதம், புரொட்டஸ்டண்டுகள் ஏறத்தாழ 7 சதவீதம்.

சபை தன் பிறந்தநாளாக வைத்திருப்பது 1861 அக்டோபர் 7. தென் தப்பனூலியில் சிப்பிரோக் பக்கம் நான்கு மிஷனரிகள் கூடி, இனி ஒரே பணியாகச் செய்வோம் என்று முடிவெடுத்த நாள் அது. ஹைனே, கிளாம்மர், பெட்ஸ், வான் ஆசெல்ட் என்பவர்கள் அந்த நால்வர். வான் என்பதைப் 'பான்' ஆக்கிவிட்டு, எச்.கே.பி.பி. என்ற எழுத்துகள் அந்த நான்கு பெயர்களின் முதலெழுத்துகள்தான் என்று என் நண்பர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

இவர்களுக்குப் பின்னால் நின்ற ரைன் மிஷன் ஜெர்மனியின் பார்மன் நகரத்துச் சங்கம். முதலில் போர்னியோவில் வேலை செய்தது. 1859-ல் பாஞ்சார்மாசின் போர் வெடித்தபோது அங்கே மிஷனரிகள் கொல்லப்பட்டார்கள். மிஞ்சியவர்கள் திரும்பிப் போக முடியாமல் சுமாத்திராவுக்கு வந்தார்கள். 1862-ல் அதே ரைன் மிஷனின் நோமென்சன் வந்தார். 1864-ல் சிலிந்துங் பள்ளத்தாக்குக்குள் போனார். அந்த வருடம் அங்கே டச்சு ஆட்சி கிடையாது, டச்சுச் சிப்பாய் கிடையாது. அதற்கு 30 வருடம் முன்னால், 1834-ல், மன்சன், லைமன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அதே பள்ளத்தாக்கை நோக்கிப் போகும் வழியில் லோபு பினிங்கில் கொல்லப்பட்டிருந்தார்கள். அது தெரிந்தே ஒரு மனிதர் தனியாகப் போய் உட்கார்ந்தார். பத்தாக் மொழியில் பேசினார், 1878-ல் புதிய ஏற்பாட்டை அந்த மொழியில் கொடுத்தார்.

இதை டச்சுக்காரனின் மிச்சம் என்று எப்படிச் சொல்வது?

செங்கதிர்:

அந்த வரியை எழுதியவன் நான்தான். ஒரே வரியில் விட்டது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் 1878 என்று எழுதிவிட்டு, புதிய ஏற்பாட்டோடு நிறுத்திக்கொண்டீர்கள். அதே 1878-ல் இன்னொன்றும் நடந்தது.

சிசிங்காமங்காராஜா XII தோபா மக்களின் குரு-மன்னர். அவருடைய ஊர் பக்காரா. சிலிந்துங்கில் வெள்ளைக்காரர் காலூன்றுவதை அவர் எதிர்த்தார். அவர் படை திரட்டுகிறார் என்ற செய்தி வந்ததும் மிஷனரிகள் டச்சு அரசாங்கத்திடம் பாதுகாப்புக் கேட்டார்கள். படை வந்தது. வந்த படையோடு நோமென்சனும் இன்னொரு மிஷனரியும் கூடவே நடந்தார்கள், மொழிபெயர்த்தார்கள், தலைவர்களைச் சரணடையச் சொன்னார்கள். ஊர் ஊராக எரிக்கப்பட்டது, பக்காராவும் எரிந்தது. வருடக் கடைசியில் அரசாங்கம் மிஷனரிகளுக்கு நன்றிக் கடிதமும் 1,000 கில்டரும் கொடுத்தது. எதிரிகள் கிளப்பிவிட்ட கதை என்று இதை ஒதுக்க முடியாது. ரைன் மிஷன் தன் ஆதரவாளர்களுக்காக அச்சிட்ட சஞ்சிகையிலேயே இந்தப் படையெடுப்பு விவரமாக இருக்கிறது. அதை வைத்து உலி கோசோக் என்ற ஜெர்மன் அறிஞர் 2010-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

சிசிங்காமங்காராஜா அதற்குப் பிறகும் 29 வருடம் காட்டிலும் மலையிலும் நின்று போராடினார். 1907 ஜூன் 17 அன்று தைரி மலையில் சுட்டுக் கொன்றார்கள். மகள் லோபியானும் இரண்டு மகன்களும் அவரோடு இறந்தார்கள். 1911-ல் நோமென்சனுக்கு டச்சு அரச விருது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. பெருவாரியான ஞானஸ்நானம் எப்போது நடந்தது? 1880-க்குப் பிறகு. துப்பாக்கி வென்ற பிறகு. நீங்கள் சொன்ன அந்த நால்வரில் பெட்ஸும் வான் ஆசெல்ட்டும் டச்சுக்காரர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிப்பிரோக்கும் அப்போது டச்சு ஆட்சிக்குள்தான் இருந்தது.

நெல்லைக்காரன்:

அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்க. ஒரு மனுசன் 1862-ல வந்து 1918 மே மாசம் சிகும்பார்ல சாகுற வரைக்கும் அந்த மண்ணுலயே கெடந்திருக்காரு. 56 வருசம். அவருக்கு ஒரு வருசத்துக் கணக்கை மட்டும் எழுதுறது நியாயமா?

எங்க பக்கம் நாசரேத், மெஞ்ஞானபுரம், முதலூர்னு ஊர் இருக்கு. முதலூர் 1799-ல உண்டானது. ஊர்ல அடிச்சு விரட்டுன சனத்துக்காக நெலம் வாங்கிப் போட்ட ஊரு. பாளையங்கோட்டையில சமாதானபுரம் இருக்கு. நோமென்சன் சிலிந்துங்ல உண்டாக்கின ஊருக்குப் பேரு ஹூத்தா தாமே, அதுக்கு அர்த்தமும் சமாதான ஊருதான். அங்கேயும் அதே கதை. ஞானஸ்நானம் வாங்கினவனைக் குலத்தை விட்டுத் தள்ளிருவாங்க. வயல் கெடையாது, தண்ணி கெடையாது. அப்படித் தள்ளுனவங்களைக் கூட்டி வச்சு ஊர் கட்டுனாரு.

பள்ளிக்கூடம் யாரு வச்சா? தொழுநோய்க்காரங்களுக்கு லாகுபோத்தி பக்கம் 1900-ல ஹூத்தா சாலேம் யாரு கட்டுனா? 1885-லயே மூணு பத்தாக்காரங்களுக்குப் போதகர் பட்டம் குடுத்தாச்சு. நோமென்சன் சாகும்போது சபையில ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேரு. அத்தனை பேரையும் ஜெர்மன்காரங்களா பார்த்துக்கிட்டாங்க? ஊர் ஊருக்கு உபதேசியாரு, எல்லாம் உள்ளூர் ஆளு. எங்க தாத்தாவும் உபதேசியாருதான். சம்பளம்னு ஒண்ணும் பெருசா கெடையாது, பனையோலைக் கோயில், பகல்ல பள்ளிக்கூடம், ஞாயித்துக்கிழமை அதுவே சபை. அந்த வாழ்க்கை எனக்குத் தெரியும். அதைக் காலனி ஆதிக்கம்னு சொன்னா மனசு ஏத்துக்காது.

அதோட, தெற்க இருந்து பாத்ரிங்கிற முஸ்லிம் இயக்கத்துப் படை வந்து பத்தாக் ஊர்களை அழிச்சதையும் சொல்லணும்லா? அந்தப் பயத்துலதான் சனம் பாதுகாப்பு தேடுச்சு. வாளால வந்தது எது, புஸ்தகத்தால வந்தது எதுன்னு சரித்திரம் சொல்லும்.

காயல்வாசி:

சகோதரர் நெல்லைக்காரனின் கடைசிப் பத்திக்கு மட்டும் பதில் சொல்ல வருகிறேன்.

பாத்ரிகள் செய்ததை நான் மறைக்க மாட்டேன். மினாங்கபாவ் நாட்டில் மார்க்கச் சீர்திருத்தம் என்று தொடங்கிய இயக்கம் மண்டாய்லிங், அங்கோலா என்ற தென் பத்தாக் பகுதிகள் வழியாக வடக்கே ஏறியபோது ஊர்கள் எரிந்தன, ஆட்கள் அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அதை நியாயப்படுத்த மார்க்கத்தில் இடமில்லை. மினாங்கபாவ் முஸ்லிம்களே அந்தப் போரில் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள் என்பதும் உண்மை.

ஆனால் கணக்கை முழுதாகப் பாருங்கள். டச்சுக்காரர் 1837-ல் போஞ்சோல் கோட்டையைப் பிடித்ததோடு பாத்ரிகளின் கதை முடிந்தது. தென் பத்தாக் பகுதியில் பெரும்பாலோர் இஸ்லாத்தைத் தழுவியது அதற்குப் பிறகு வந்த அமைதியான காலத்தில். வியாபாரிகள், ஆசிரியர்கள், மலாய் பேசும் அலுவலர்கள் வழியாக, டச்சு ஆட்சிக்குள்ளேயே நடந்தது. டச்சு ஆட்சியின் கீழ் மதம் மாறியவர் எல்லாம் துப்பாக்கிக்குப் பயந்து மாறினார் என்றால், மண்டாய்லிங் முஸ்லிம்களையும் டச்சுக்காரனின் மிச்சம் என்றுதான் சொல்ல வேண்டும். இது செங்கதிருக்கும் சேர்த்துத்தான்.

சிப்பிரோக்கில் இன்றைக்கும் ஒரே சிரேகார் குலத்தில் பள்ளிவாசலுக்குப் போகிறவரும் உண்டு, சபைக்குப் போகிறவரும் உண்டு. கல்யாணத்தில் இருவரும் ஒரே குலமுறையில்தான் உட்காருவார்கள். 1861 மார்ச் 31 அன்று வான் ஆசெல்ட் கையால் முதலில் ஞானஸ்நானம் பெற்ற இருவரில் ஒருவர் சிமோன் சிரேகார்.

கீழைக்கடல்:

விவாதத்துக்கு நடுவே ஒரு குறுக்குச்சால், மன்னிக்கவும். வான் ஆசெல்ட் காலத்துக்கும் முன்னால், 1851-ல், வான் டெர் டூக் என்ற மொழியறிஞர் நெதர்லாந்து வேதாகமச் சங்கத்துக்காக வந்து பாருஸ் துறைமுகத்தில் தங்கித்தான் பத்தாக் அகராதிக்கும் மொழிபெயர்ப்புக்கும் சொல் சேர்த்தார். தோபா ஏரியைக் கண்ணால் கண்ட முதல் ஐரோப்பியர் அவர்தான்.

அந்தப் பாருஸில், லோபு துவாவில், கி.பி. 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு வைத்தது. ஊர்ப்பெயர் அதில் வாரோசு. கற்பூர வணிகத்துக்குப் போனவர்கள். கரோ பத்தாக் மக்களின் செம்பிரிங் குலத்தில் சோலியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா, பிராமானா என்று கிளைகள் இருக்கின்றன. பெயர்களைப் படித்தாலே நமக்குக் காது நிமிரும். பத்தாக் வேதாகமத்தில் கடவுளுக்குச் சொல் தேபாதா. நம் தேவதை என்ற சொல்லின் உடன்பிறப்பு. மிஷனரிகள் புதுச்சொல் கொண்டுவரவில்லை, ஏற்கெனவே ஆயிரம் வருடம் ஊறிய சொல்லையே எடுத்துக்கொண்டார்கள்.

செங்கதிர்:

காயல்வாசி சொன்ன தர்க்கம் சரி. "ஆட்சிக்குள் நடந்தது" என்பதும் "ஆட்சியால் நடந்தது" என்பதும் வேறு. அதை நான் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனாலும் சிலிந்துங்கில் ஒரு வித்தியாசம் உண்டு. மண்டாய்லிங்கில் மார்க்கம் சொல்லிக்கொடுத்தவர் டச்சுப் படைக்கு வழிகாட்டவில்லை. சிலிந்துங்கில் வேதம் சொன்னவரே வழிகாட்டினார். வடக்கே அச்சே, தெற்கே மினாங்கபாவ், இரண்டு முஸ்லிம் நாடுகளுக்கும் நடுவில் கிறிஸ்தவப் பத்தாக் மக்கள் ஒரு சுவர்போல நிற்கட்டும் என்று டச்சு அதிகாரிகள் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்குக்கு மிஷன் உதவியது. நெல்லைக்காரனின் தாத்தாவைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஊர் உபதேசியார் வேறு, படையோடு நடந்தவர் வேறு.

மெடான்வாசி:

1878 பற்றி செங்கதிர் எழுதியதை நான் மறுக்கவில்லை. முதல் பதிவில் அதை விட்டது என் குறை. பத்தாக் நண்பர்களிடமே இதைப் பேசியிருக்கிறேன். வீட்டுச் சுவரில் நோமென்சன் படமும் சிசிங்காமங்காராஜா படமும் சேர்ந்து தொங்கும் வீடுகளுக்குப் போயிருக்கிறேன். ஒருவரை "அப்போஸ்தலர்" என்பார்கள், இன்னொருவரை "எங்கள் ராஜா" என்பார்கள். நாம் இங்கே உட்கார்ந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம், அவர்கள் அப்படிச் செய்யவில்லை.

ஆனால் "துப்பாக்கி வென்ற பிறகுதான் ஞானஸ்நானம் பெருகியது, ஆகவே துப்பாக்கிதான் காரணம்" என்ற முடிவுக்கு என்னால் வர முடியவில்லை. அதற்குக் காரணம் கரோ.

கரோ மலை மெடானுக்குத் தெற்கே, தோபாவுக்கு வடக்கே. அங்கே 1890-ல் டச்சு மிஷன் நுழைந்தது. பணம் கொடுத்தது யார் தெரியுமா? மெடான் பக்கத்துத் தெலி புகையிலைத் தோட்ட முதலாளிகள். தங்கள் நிலத்தைத் தோட்டங்கள் விழுங்குவதைப் பொறுக்காமல் கரோ மக்கள் 1872-லேயே சுங்காலில் எதிர்த்துப் போரிட்டிருந்தார்கள், புகையிலைக் கொட்டகைகளுக்குத் தீ வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சாந்தப்படுத்த மிஷனரி உதவுவார் என்று தெலி கம்பெனிக்காரர் கிரேமர் முன்னின்று பணம் திரட்டினார். நம்மவர்களும் அந்தத் தெலித் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக மாட்டுவண்டி ஓட்டியும் ரோடு போட்டும் செத்திருக்கிறார்கள், அது தனிக்கதை.

செங்கதிரின் கணக்குப்படி கரோவில்தான் கிறிஸ்தவம் வேகமாகப் பரவியிருக்க வேண்டும். அரசாங்கமும் முதலாளியும் நேரடியாகப் பின்னால் நின்ற மிஷன் அது. நடந்தது என்ன? ஐம்பது வருடம் உழைத்து, 1940 வாக்கில் சுமார் 5,000 பேர். மக்கள் அதை "கம்பெனி மதம்" என்று பார்த்தார்கள். கரோ திருச்சபை 1941-ல் தனியாக நின்றது. அது உண்மையில் பெருகியது சுதந்திரத்துக்குப் பிறகு, அதுவும் 1965-க்குப் பிறகு. டச்சுக்காரன் போன பிறகு வளர்ந்ததை டச்சுக்காரனின் மிச்சம் என்று எப்படிச் சொல்வது?

தோபாவில் நடந்தது வேறு. ராஜா பொந்தாஸ் லும்பான்தோபிங் போன்ற ஊர்த்தலைவர்கள் முன்னால் வந்தார்கள். குலத்தலைவர் வந்தால் குலமே வரும். திருமணத்தையும் சாவையும் சொத்தையும் ஆளுகிற "தாலிஹான் நா தோலு" என்ற உறவுமுறை இருக்கிறது. பெயருக்கு அர்த்தம் அடுப்பின் மூன்று கல். தன் குலத்தார், பெண் கொடுத்த குலம், பெண் எடுத்த குலம். இந்த மூன்று கல்லையும் மிஷன் உடைக்கவில்லை, உடைக்க முடியவுமில்லை. மாமன் வீட்டார் ஊலோஸ் துணி போர்த்தாத கல்யாணத்தை நான் ஏழு வருடத்தில் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. சபையில் ஆசீர்வாதம் முடிந்ததும் சாயங்காலம் வரைக்கும் ஊலோஸ் போர்த்துகிறார்கள். நானும் நின்று கால் வலித்திருக்கிறேன்.

செங்கதிர்:

கரோ உதாரணம் எனக்குத் தெரியாதது. நல்ல எதிர்வாதம். ஒரு திருத்தம் மட்டும்: அடுப்பின் மூன்று கல் பிழைத்தது, ஆனால் அடுப்பைச் சுற்றியிருந்தது நிறைய அழிந்தது. கொண்டாங் மேளம் பேயை அழைப்பது என்று தடுக்கப்பட்டது. பலிவிழாக்கள் நின்றன. மரப்பட்டையில் எழுதிய மந்திரச் சுவடிகளில் எத்தனையோ ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் உறங்குகின்றன.

மெடான்வாசி:

கொண்டாங் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. இன்று சபை விழாக்களிலேயே கொண்டாங் முழங்குகிறது, ஆனால் நடுவில் இரண்டு தலைமுறை அதைக் கேட்காமல் வளர்ந்தது. இழந்ததை இழந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் மிஷனரிகளிடமிருந்து சபையைக் கையில் எடுத்த கதையையும் சேர்த்து எழுதினால்தான் சரித்திரம் முழுமையாகும். 1917-ல் பாலிகேயில் ஹத்தோப்பான் கிறிஸ்தென் பத்தாக் என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். தலைவர் மங்கிஹுத் ஹெசேக்கியேல் மானுல்லாங், சபைக்காரர். பத்தாக் நிலத்தைத் தோட்டக் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விடாதே என்று அரசாங்கத்தை எதிர்த்தார், பத்திரிகையில் எழுதினார், சிறைக்குப் போனார். 1927-ல் பெமாத்தாங் சியாந்தாரில் ஒரு கூட்டம், ஜெர்மன் ஐயர்மார் ஆண்டது போதும் என்று பிரிந்துபோய்த் தனிச்சபையே வைத்தது. அதுதான் இன்றைய எச்.கே.ஐ.

பிறகு 1940 மே 10. ஹிட்லரின் படை ஹாலந்துக்குள் நுழைந்த அன்றே, இங்கே டச்சு அரசாங்கம் ஜெர்மன்காரர்கள் எல்லாரையும் கைது செய்தது. ஒரே நாளில் சபைக்கு மிஷனரி இல்லை, பணம் இல்லை. டச்சு மிஷன் ஒன்று வந்து நாங்கள் நடத்துகிறோம் என்றது. ஜூலையில் பத்தாக் போதகர்கள் மகாசபை கூட்டி, வேண்டாம் என்று சொல்லி, கே. சிராயித் போதகரை எஃபோருஸாக, அதாவது தலைமைப் போதகராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஜெர்மன்காரர் மட்டுமே உட்கார்ந்திருந்த நாற்காலியில் முதல் பத்தாக்காரர்.

கைதான மிஷனரிகளில் சிலரை இந்தியாவுக்கு அனுப்ப வான் இம்ஹோஃப் கப்பலில் ஏற்றினார்கள். 1942 ஜனவரி 19 அன்று நியாஸ் தீவுப் பக்கம் ஜப்பானிய விமானம் குண்டு போட்டது. டச்சு மாலுமிகள் படகில் ஏறித் தப்பினார்கள். கைதிகள் நானூறு பேருக்கு மேல் மூழ்கினார்கள். டச்சு ஆட்சிக்குத் துணை நின்றதாக நாம் பேசிக்கொண்டிருக்கிற அந்த மிஷனின் ஆட்களை, டச்சுக் கப்பலே கடலில் விட்டுவிட்டுப் போனது.

1951-ல் சபை தன் விசுவாச அறிக்கையைத் தானே எழுதியது. மறுவருடம் அதை வைத்தே லுத்தரன் உலகக் கூட்டமைப்பில் சேர்ந்தது.

நெல்லைக்காரன்:

கப்பல் கதை வாசிச்சுட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியல. பாத்ரி விசயத்துல நான் அவசரப்பட்டு எழுதினது தப்பு, காயல்வாசி பாய் மன்னிக்கணும்.

ஆனா இப்ப உள்ள நிலைமையையும் பேசணும். 2006-ல ரெண்டு அமைச்சர்கள் சேர்ந்து போட்ட விதி ஒண்ணு இருக்கு. வழிபாட்டு இடம் கட்ட 90 விசுவாசிகளோட அடையாள அட்டை, அக்கம்பக்கத்துல 60 பேரு சம்மதக் கையெழுத்து, அதுக்கு மேல மத நல்லிணக்க மன்றம், மத அலுவலகம் ரெண்டுட்டயும் பரிந்துரை. மேற்கு ஜாவாவுல போய் இந்த 60 கையெழுத்தை எங்க வாங்குறது? பெக்காசியில எச்.கே.பி.பி. ஃபிலடெல்ஃபியா சபை உச்சநீதிமன்றம் வரைக்கும் போயி ஜெயிச்சும் கோயிலைத் தொறக்க விடல. போகோர்ல ஜி.கே.ஐ.ங்கிற வேறொரு திருச்சபையோட யாஸ்மின் சபைக்கும் அதே கதி. 2012-ல இருந்து ரெண்டு சபைச் சனமும் ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் ஜகார்த்தாவுல ஜனாதிபதி மாளிகை முன்னால நின்னு ஆராதனை நடத்துனாங்க. மழையிலயும் வெயில்லயும். 2010 செப்டம்பர்ல சிக்கெத்திங்ல ஆராதனைக்கு நடந்துபோன மூப்பரைக் கத்தியால குத்துனாங்க, பெண் போதகரை அடிச்சாங்க.

பெரும்பான்மை நாட்டுல சிறுபான்மையா இருக்குறது என்னன்னு நம்ம நாட்டுல இருக்குற நமக்கே தெரியும். ரெண்டு பேருக்கும் தெரியும் பாய்.

காயல்வாசி:

மன்னிப்பெல்லாம் பெரிய வார்த்தை சகோதரரே. நீங்கள் சொன்னது எனக்கும் வலிக்கிறது. நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்த பிறகும் பூட்டை எடுக்காத ஒரு நகராட்சியை ஆதரிக்க எனக்கு மனமில்லை. நம் ஊரில் பள்ளிவாசலுக்கு அனுமதி வாங்க அலைந்தவன் நான். அறுபது கையெழுத்து என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அந்த நாட்டு முஸ்லிம்களை அந்தக் கும்பலை வைத்து மட்டும் அளக்காதீர்கள். 1945 ஆகஸ்ட் 18 அன்று, சுதந்திரம் அறிவித்த மறுநாள், முஸ்லிம்கள் ஷரீஅத்தைக் கடைப்பிடிக்கும் கடமை பற்றிய ஏழு சொற்களை அரசியல் சட்ட முகவுரையிலிருந்து எடுத்தார்கள். கிழக்குப் பகுதிக் கிறிஸ்தவர்கள் பிரிந்துபோவார்கள் என்று சுதந்திரத் தலைவர் ஹத்தா கவலைப்பட்டார், கீ பாகுஸ் ஹடிகுசுமோ போன்ற மார்க்கத் தலைவர்கள் மனம் கனத்துச் சம்மதித்தார்கள். அது சின்ன விட்டுக்கொடுப்பு இல்லை. இன்றும் அந்த ஏழு சொல்லுக்காக ஏங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

2000 டிசம்பர் 24 இரவு பல நகரங்களில் தேவாலயங்களுக்குக் குண்டு வைத்தார்கள். கிழக்கு ஜாவாவின் மொஜோகெர்த்தோவில் ஒரு தேவாலயத்தின் காவலுக்கு நின்றவர் நஹ்தலத்துல் உலமா என்ற முஸ்லிம் அமைப்பின் பான்சேர் தொண்டர் படையைச் சேர்ந்த இளைஞர் ரியாந்தோ. பொட்டலத்தில் குண்டு என்று தெரிந்ததும் கூட்டத்தைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு அதைத் தூக்கி வெளியே கொண்டுபோனார். கையிலேயே வெடித்தது. வயது 25. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் பான்சேர் இளைஞர்கள் இன்னும் தேவாலய வாசலில் நிற்கிறார்கள்.

நெல்லைக்காரன்:

ரியாந்தோ பேரை எங்க சபை ஜெபத்துல இந்த வருசம் சொல்லச் சொல்லுறேன் பாய்.

மெடான்வாசி:

சபையின் மிகப் பெரிய சோதனை கும்பலிடமிருந்து வரவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். 1992 டிசம்பரில் வட சுமாத்திரா ராணுவத் தளபதி ஒரு உத்தரவு போட்டு, எஃபோருஸ் எஸ்.ஏ.இ. நபாபானை நீக்கிவிட்டு வேறொருவரை நியமித்தார். சபைக்குள் ஏற்கெனவே பிணக்கு இருந்தது. அதோடு நபாபான் நில உரிமை பேசினார், ஏரிக்கரைக் காகித ஆலையை எதிர்த்த கிராமங்களின் பக்கம் நின்றார். ஜனாதிபதி சுஹார்த்தோவின் ஆட்சிக்கு அது பிடிக்கவில்லை.

அதற்கப்புறம் ஆறு வருடம் ஒரே சபை இரண்டாகக் கிடந்தது. தளபதி வைத்தவரை ஏற்காதவர்கள் கோயிலை விட்டு வெளியேற்றப்பட்டு வீட்டுத் திண்ணையிலும் வயலிலும் மரத்தடியிலும் ஆராதனை நடத்தினார்கள். ஆட்கள் கைதானார்கள். என் மேற்பார்வையாளரின் அம்மா அப்போது அப்படி வயலில் பாடியவர். "புக்கு எந்தே" என்பது அவர்களுடைய பாட்டுப் புத்தகம், நம் பாமாலை போல. அந்த அம்மாவின் பிரதியில் ஓரமெல்லாம் சேற்றுக் கறை. அதைத் துடைக்காமல் வைத்திருந்தார். 1998-ல் சுஹார்த்தோ விழுந்த பிறகுதான் மகாசபை கூடி ஜே.ஆர். ஹுத்தாவுருக்கை எஃபோருஸாகத் தேர்ந்தெடுத்தது, பிரிந்து கிடந்த சபை மறுபடி ஒட்டிக்கொண்டது.

இந்த விவாதத்துக்கே நான் வந்தது அந்தப் புத்தகத்தை நினைத்துத்தான். 1878-ல் அரசாங்கத்தின் படையைக் கூப்பிட்ட சபைதான் இது. 1992-ல் அரசாங்கத்தின் படை உள்ளே வந்தபோது வயலுக்குப் போன சபையும் இதுதான்.

செங்கதிர்:

சேற்றுக் கறை படிந்த அந்தப் புத்தகத்துக்கு முன்னால் என் ஒற்றை வரியை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். "மிச்சம்" என்ற சொல் தப்பு.

ஆனால் ஒரு கேள்வியை விட்டுவிட்டுப் போக மனமில்லை. சிசிங்காமங்காராஜாவின் வழியைப் பின்பற்றுகிற பர்மாலிம் மக்கள் இன்னும் இருக்கிறார்கள். லாகுபோத்தி பக்கம் ஹூத்தாதிங்கியில் அவர்களுடைய தலைமை வழிபாட்டு மனை. இந்தோனேசிய அரசு அங்கீகரித்த மதங்களின் பட்டியலில் அவர்கள் இல்லை. அடையாள அட்டையில் தங்கள் நம்பிக்கையை எழுதிக்கொள்ள அரசியல் சட்ட நீதிமன்றம் 2017-ல்தான் வழிவிட்டது. 2005 வாக்கில் மெடானில் அவர்கள் ஒரு வழிபாட்டு மனை கட்டத் தொடங்கியபோது, எதிர்த்து நிறுத்தியவர்களில் அக்கம்பக்கத்து எச்.கே.பி.பி. சபையாரும் இருந்தார்கள். ஜகார்த்தாவில் மழையில் நின்ற அதே சபை. இதற்கு என்ன சொல்வீர்கள்?

மெடான்வாசி:

நான் மெடானில் இருந்தபோது அந்தத் தெரு வழியாகப் போயிருக்கிறேன். நியாயப்படுத்த எதுவும் இல்லை. சபையிலேயே அதைத் தப்பு என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும், சத்தமாகச் சொல்லத் தயங்கியவர்களையும் தெரியும். பத்தாக் மண்ணில் அவர்கள் பெரும்பான்மை, ஜாவாவில் சிறுபான்மை. ஏரிக்கரையில் இருக்கும்போது ஜாவா ஞாபகம் வருவதில்லை. அச்சே சிங்கிலில் 2015 அக்டோபரில் எரிந்தது எச்.கே.ஐ. தேவாலயம். அதே பத்தாக் மக்கள், அதே பாட்டுப் புத்தகம். அந்த வாரம் மெடானில் எல்லாச் சபையிலும் அழுதார்கள். பர்மாலிம் மனைக்காக யாரும் அழவில்லை.

நெல்லைக்காரன்:

அண்ணாச்சி, நான் அடுத்த வருசம் அங்க ஒரு தடவை போகணும்னு இருக்கேன். எங்க எறங்கணும், என்னென்ன பாக்கணும்னு சொல்லுங்க.

மெடான்வாசி:

சிலாங்கித் விமான நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து தாருத்துங்குக்குக் கார் கிடைக்கும். ஊருக்குள் பெயாராஜாவில் சபைத் தலைமையகம். மேலே சியாத்தாஸ் பாரித்தா மலையில் நோமென்சன் நினைவாக வைத்த பெரிய சிலுவை. அங்கிருந்து பார்த்தால் சிலிந்துங் பள்ளத்தாக்கு முழுக்க வயல். சிபோல்கா ரோட்டில் போனால் லோபு பினிங்கில் மன்சன், லைமன் நினைவிடம். திரும்பும்போது பாலிகே வழியாக வாருங்கள், சொப்போசுருங்கில் சிசிங்காமங்காராஜாவின் சமாதி. பக்கத்திலேயே ஹூத்தாதிங்கி, பர்மாலிம் மனை. வேட்டி கட்டிக்கொண்டு போனால் சந்தோஷப்படுவார்கள், அவர்களும் சாரோங் கட்டி, தலையில் வெள்ளைத் துணி சுற்றித்தான் வழிபாட்டுக்கு வருவார்கள்.

கீழைக்கடல்:

நாள் இருந்தால் பாருஸும் போங்கள். கல்வெட்டு ஜகார்த்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ஆனால் லோபு துவாவில் நிற்பது வேறு.

செங்கதிர்:

பக்காராவை விட்டுவிட்டீர்கள்.

மெடான்வாசி:

ஆமாம். ஏரியின் தென்மேற்குக் கரை. தோலோக் சாங்குலில் இருந்து இறங்குகிற ரோடு குறுகலாக வளைந்து வளைந்து போகும், காலையில் கிளம்புங்கள். கீழே சிசிங்காமங்காராஜாவின் வீடு இருந்த இடத்தைக் காட்டுவார்கள்.